அன்றைக்கு மீன் இல்லை

குவேக்கர்ஸ் ஹில்
05.06.2024

றகுமத்து,

ஸலாம். நான் இருக்கிறேன். நீயும் இருக்கிறாய் என்று மகன் சொல்கிறான்.

சொல்வது நான், எழுதுவது சூசைதாசன். பயப்படாதே, பேசாலைச் சூசைதான். மன்னாரில் அவன் வலையில் பட்ட மீனை நான் சைக்கிளில் கட்டி விற்ற காலத்திலிருந்தே என் கதை எதுவும் அவனைத் தாண்டிப் போனதில்லை. நான் பேச்சில் சொல்வதை அவன் எழுத்துத் தமிழாக மாற்றுகிறான். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே, "நானா, நீ சொல்ற மாதிரியே எழுதினா தங்கச்சி சிரிக்கும்" என்கிறான். எனக்கு எழுத்துத் தெரியாதது ஊருக்கே தெரியும். நீ எட்டாம் வகுப்புப் படித்தவள், வாசித்துக்கொள்வாய்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உனக்குக் காது மந்தம். போனை எடுத்தால் சத்தத்தைத் திறந்துவிடுகிறாய். டன்டினோங்கில் மகள் பாஹிமாவும் அவளுடைய மாமியாரும் கேட்கிறார்கள். இங்கே மகன் நியாஸ் கேட்கிறான், மருமகள் கேட்கிறாள். திரையில் உன் முகம் தெரிகிறது, பேச்சு வருவதில்லை. மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்று நீ மார்ச்சில் மெல்பேர்னுக்குப் போனாய். மகனின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட நான் சிட்னியில் நின்றுவிட்டேன். புருஷன் பெண்சாதி எங்களை ஆளுக்கொரு கிழடாகப் பங்கு போட்டுவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் ஒரு சட்டத்தரணிப் பிள்ளையும் ஒரு நேர்ஸும் வந்து பேசினார்கள். பெண் குழந்தைகளுக்குச் சுன்னத்து வைக்கிற விஷயம். ஆம்பிளைகள் எல்லாரும் கம்பளத்தில் பூ எண்ணிக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டில் அது குற்றமாம். கத்தி நுனி பட்டாலும் குற்றம்தானாம், இந்த நாட்டின் பெரிய கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்தாலும், கூட்டிப் போனவர்களுக்கு வருஷக் கணக்கில் மறியலாம், சிறைக்குள். எனக்குப் பின்னால் இருந்தவன், "இது ஆபிரிக்காக்காரருக்குச் சொல்றது, எங்கட ஆக்கள் செய்றது கொசு கடிச்ச மாதிரித்தானே" என்றான். மௌலவி எழும்பி, குர்ஆனில் இப்படி ஒரு வசனம் கிடையாது, ஊர் வழக்கத்தை மார்க்கத்தின் தலையில் கட்டாதீர்கள் என்றார். ஊரில் வேறு மாதிரிச் சொன்ன மௌலவிமாரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் நியாஸ் சொல்கிறான், தங்கச்சி பாஹிமா பிள்ளையோடு முப்பதாம் தேதி கொழும்புக்குப் போகிறாளாம். அன்றைக்குப் பிள்ளைக்கு ஐந்து வாரம்தான் ஆகியிருக்கும். பாஸ்போர்ட்டை அவசரமாக எடுக்கிறார்களாம். நாற்பதாம் நாளைப் புத்தளத்தில் கொண்டாடப் போகிறார்களாம்.

அவனை ஏன் என்று கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறேன்.

அசனார்


டன்டினோங்
10.06.2024

மச்சான் அறிவது,

கடிதம் கிடைத்தது. தபால்காரன் போனதும் நானே போய் எடுத்தேன். சூசை அண்ணனுக்கும் என் விசாரிப்புச் சொல்லுங்கள்.

பிள்ளை சுகம். பால் குடிக்கிறாள். மூக்கு உங்களுடையது, என்ன செய்வது. குளிப்பாட்டுவது நான்தான். இங்கே குளிர் எலும்புக்குள் போகிறது. குசினிக்குள் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருக்கிறேன், பகல் முழுக்க அதில்தான். பாஹிமா அறைக்குள். மருமகன் வேலைக்கு. அவருடைய உம்மா ஜெமீலா ஹாலில் டீவியோடு. ஒரு வீட்டுக்குள் நாலு பேர், நாலு பக்கம்.

நீங்கள் நினைத்தது சரி. பிள்ளைக்குச் சுன்னத்து வைக்கத்தான் போகிறார்கள்.

ஜெமீலாதான் தொடங்கினா. செய்யாத பிள்ளை அடங்க மாட்டாள், அவளுடைய தொழுகை கூடாது, அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்வா. அவ சொல்வது எனக்குப் புதிதில்லை. எல்லாம் மாமி, உங்கள் உம்மா, சொன்னதுதான், நாக்கு மட்டும் வேறு. மருமகனைக் கேட்டால், "அது பொம்பிளயள்ட விஷயம்" என்று கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

பாஹிமா இணங்க மாட்டாள் என்று நினைத்தேன். இங்கே படித்தவள், சட்டமும் தெரியும். பள்ளிவாசல் கதையையும் சொல்லிப் பார்த்தேன். என்ன சொன்னாள் தெரியுமா?

"எனக்கும் செய்ததுதானே உம்மா. எனக்கு என்ன வந்தது? நல்லாத்தானே இருக்கிறன். ஒரு நிமிஷ வேலைக்காக ஏன் இந்த வீட்டில சண்டை?"

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நியாஸிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். அவன் கோபக்காரன். பொலிசுக்குப் போன் எடுத்தால் என் மகளை மறியலுக்கும் பிள்ளையை வேறு யாருடைய கைக்கும் கொண்டு போய்விடுவார்கள்.

றகுமத்து


குவேக்கர்ஸ் ஹில்
14.06.2024

றகுமத்து,

என் மூக்குக்கு என்ன குறை? அந்த மூக்கை வைத்துத்தான் மீன் பழசா புதுசா என்று சொன்னேன்.

நியாஸிடம் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையை ப்ளேனில் ஏற்றுகிற நாள் வந்தால் சொல்லுவேன், அதையும் தெரிந்துகொள். மறியல் பெரிதா, அந்தக் குழந்தையின் உடம்பு பெரிதா என்று யாரும் என்னைக் கேட்டால் நான் இரண்டு தரம் யோசிக்க மாட்டேன். அதற்கு முன்னால் உன்னால் முடியுமா என்று பார்க்கிறேன்.

உன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நீ பதில் இல்லாமல் நின்றதை நான் கண்டதில்லை. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்கள் எங்களை மன்னார்த் தீவை விட்டுப் போகச் சொன்னபோது, துவக்கோடு நின்ற பொடியனைப் பார்த்து, "என்ட சட்டி பானைய ஆர் தம்பி கழுவி வைக்கிறது?" என்று கேட்டவள் நீ. அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பின்னால் நியாஸ், உன் வயிற்றில் பாஹிமா.

பாஹிமாவின் நாற்பதாம் நாள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. புத்தளத்து முகாம். கிடுகுக் கொட்டில். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது, கூரைக்கு மேலே கல் வைத்திருந்தோம். ஒஸ்தா மாமி பாத்தும்மா வந்தா. பிள்ளைப்பேறு பார்ப்பதும் அவதான், பெண் குழந்தைகளுக்குச் சுன்னத்து வைப்பதும் அவதான். என் உம்மா அவவுக்குக் கொடுக்கப் பச்சை அரிசி, தேங்காய், வெற்றிலை, எங்கேயோ கடன்பட்டு ஒரு சேவல் எல்லாம் வைத்திருந்தா. அகதி முகாமில் சோற்றுக்கு வழியில்லை, சேவலுக்கு வழி இருந்தது. கொட்டிலுக்குள் நீயும் பாத்தும்மாவும் பிள்ளையும். வாசலில் சாக்குத் தொங்கியது. சாக்குக்கு வெளியே உம்மா. என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகச் சொன்னா. ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை என்றா. நான் தொட்டி மட்டும் போகவில்லை, வேப்ப மரத்தடியில் நின்றேன். பிள்ளை ஒரு தரம் வீரிட்டு அழுதது. உடனே நிறுத்திவிட்டது. பிறகு நீ சாக்குக்கு இடையால் கையை நீட்டி, இரத்தம் பட்ட வெள்ளைச் சீலைத் துண்டை உம்மாவிடம் கொடுத்தாய். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றா.

வெளியே நடந்தது இவ்வளவு. உள்ளே நடந்ததை நான் காணவில்லை. உள்ளே என்ன நடந்தது றகுமத்து?

அசனார்


டன்டினோங்
19.06.2024

மச்சான் அறிவது,

சூசை அண்ணன், இந்தக் கடிதத்தை அவருடைய முகத்தைப் பார்க்காமல் வாசியுங்கள். அவரும் உங்களைப் பார்க்காமல் கேட்கட்டும். உங்களுக்கும் பெண் பிள்ளைகள் இருப்பதால் எழுதுகிறேன்.

மச்சான், உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

பாத்தும்மா மாமியின் காலைப் பிடித்தேன். "இவளை விட்டுடுங்க மாமி, என்னோட போகட்டும்" என்று காதுக்குள் சொன்னேன். அவ வாசல் சாக்குப் பக்கம் ஒரு தரம் பார்த்தா. "எனக்கும் இப்ப கை நடுங்குது புள்ள" என்றா. சவர பிளேட்டை என் கையில் தந்தா. நான் என் பெருவிரலைக் கீறினேன். அவசரத்தில் ஆழமாகப் போய்விட்டது. பிள்ளை அழ வேண்டுமே, தொடையில் கிள்ளினேன். நீங்கள் மரத்தடியில் கேட்டது அதைத்தான். உடனே பால் கொடுத்தேன். உங்கள் உம்மா கையில் வாங்கியது என் இரத்தம். சாம்பலும் மஞ்சளும் என் விரலுக்குத்தான் வைத்தோம். பாத்தும்மா மாமி மௌத்தாகி மண்ணுக்குள் போகும் மட்டும் வாய் திறக்கவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். எனக்குச் செய்தபோது வெட்டுக் கூடிப் போய்விட்டதாம், மாதக் கணக்கில் புண் ஆறவில்லையாம், என் உம்மா சொல்லியிருக்கிறா. எனக்கு அது ஞாபகம் இல்லை. தழும்பு இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு முள் எப்போதும் இருக்கிறது. கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது உங்கள் மேல் வெறுப்பால் இல்லை. நொந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு சொல் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

உங்கள் உம்மாவுக்குப் பொய் சொன்னேன். உங்களுக்குச் சொல்லவில்லை. பாஹிமா பெரிய பிள்ளையானதும் உங்கள் உம்மா அவளிடம், "உனக்கும் எல்லாம் முறையாச் செய்தது" என்றா. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். கலியாணம் பேச வந்தபோது ஜெமீலா, "எல்லாம் ஒழுங்காச் செய்ததுதானே?" என்று கேட்டா. ஓம் என்றேன். அவளைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றப் பல பொய் சொன்னேன். இப்போது அதையே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், எனக்கும் செய்ததுதானே என்று. என் பேத்திக்குக் கத்தி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் அவளுடைய நிலைமை என்ன? அவள் என்னை இனி உம்மா என்று கூப்பிடுவாளா? சொல்லாவிட்டால் முப்பதாம் தேதி.

என்ன செய்ய?

றகுமத்து


டன்டினோங்
24.06.2024

மச்சான்,

பதில் இல்லை. நீங்கள் போனும் எடுக்கவில்லை. மருமகள் சொல்கிறாள், மாமா சாப்பிடுகிறார், பேசுவதில்லை என்று.

கோபம் என்றால் கோபம் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ஹாலில் இரண்டு சூட்கேஸ் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் சின்னச் சட்டைகளை மடித்து வைத்தது நான். ஜெமீலா பார்த்து, "நல்லா மடிக்கிறீங்க" என்றா. வேறு யாரும் இன்றைக்கு என்னோடு பேசவில்லை.

றகுமத்து


குவேக்கர்ஸ் ஹில்
25.06.2024

றகுமத்து,

இதை அவசரத் தபாலில் போடுகிறோம்.

உன் கடிதத்தைச் சூசை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வாசித்தான். வாசித்து முடித்ததும் தேத்தண்ணி வேண்டாம் என்று எழும்பிப் போய்விட்டான். இரண்டு நாள் வரவில்லை. அவன் வரும்வரை எனக்குக் கையும் இல்லை வாயும் இல்லை. எழுத்துத் தெரியாதவனுக்கு இதுதான் வில்லங்கம், சொல்லத் துணிந்த நேரம் எழுத ஆள் இருக்காது.

கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அது பாஹிமாவின் விஷயத்துக்கு இல்லை. அவளுடைய விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் நினைத்திருந்தது மீன் நாற்றம் என்று. என் மேலில் மீன் நாற்றம், அதனால்தான் நீ சுவர்ப் பக்கம் திரும்புகிறாய் என்று. ஒவ்வொரு நாளும் கிணற்றடியில் சன்லைட் சவர்க்காரத்தை உடம்பு எரிய எரியப் போட்டுத் தேய்த்தேன். தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தேன். ஒரு தரம் மன்னார்க் கடையில் சென்ட் போத்தல் வாங்கினேன், உனக்குத் தெரியாது, அதைப் பூசிக்கொண்டு வந்தபோது நீ தும்மினாய். பிறகு விட்டுவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு மீனே தொடவில்லை, ஆனாலும் நீ திரும்பித்தான் படுத்தாய். நாற்றம் எலும்புக்குள் போய்விட்டது என்று நினைத்தேன். எல்லாம் ஞாபகம் வைத்திருப்பவன் என்று ஊர் என்னைச் சொல்லும். என் வீட்டுக் கட்டிலில் என் பெண்சாதிக்கு நொந்ததை நான் தெரிந்துகொள்ளவில்லை. இதற்குமேல் சொல்ல எனக்கும் சொல் இல்லை. சூசை எழுதுகோலை வைத்துவிட்டு இப்போதுதான் திரும்ப எடுத்தான்.

இனிப் பாஹிமா.

நீ எனக்கு மறைத்ததாக நினைக்கிறாய். அன்றைக்கு நான் கொட்டிலுக்குள் வந்தபோது உன் பெருவிரலில் சீலை சுற்றியிருந்தது. "என்ன?" என்றேன். "மீன் அரிஞ்சனான், கத்தி பட்டுட்டு" என்றாய்.

அன்றைக்கு மீன் இல்லை றகுமத்து. சோளகம் அடித்து ஒரு வள்ளமும் இறங்கவில்லை. என் சைக்கிள் கொட்டிலில் சாய்ந்து கிடந்தது. முகாம் முழுக்கப் பருப்பும் தேங்காய்ச் சம்பலும்தான். மீன்காரனிடம் வந்து மீன் அரிந்தேன் என்று சொல்லலாமா? உன் விரலைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. எனக்கு விளங்கிவிட்டது.

நான் கேட்டால் நீ சொல்ல வேண்டி வரும். நீ சொன்னால் நான் உம்மாவிடம் பொய் சொல்ல வேண்டி வரும். அதனால் கேட்கவில்லை. உம்மா, "இவளுக்கு என்ன கையில?" என்று கேட்டபோது, "மீன் அரிஞ்சதாம்" என்று நான்தான் சொன்னேன். அவ காற்றையும் கடலையும் பார்க்கிற ஆளில்லை, நம்பினா. போன கடிதத்தில் உள்ளே என்ன நடந்தது என்று கேட்டதும் தெரியாமல் இல்லை. உன் வாயால் வரட்டும் என்றுதான். என்னிடம் சொல்லிப் பழகினால் அவளிடமும் சொல்வாய்.

போய் மகளிடம் சொல்லு. விரலைக் காட்டு. நம்பாவிட்டால் என்னைக் கேட்கச் சொல்லு, நான் போனில் சத்தமாகவே சொல்கிறேன், ஜெமீலாவும் கேட்கட்டும். வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஒரு முடிவு வராவிட்டால் சனி காலையில் நான் நியாஸிடம் சொல்வேன். அவன் போன் எடுப்பான். மகள் என்னை மன்னிக்க மாட்டாள். பேத்தி வளர்ந்து கேட்டால் பதில் சொல்ல எனக்கு ஒன்று இருக்கும்.

அசனார்


டன்டினோங்
06.07.2024

மச்சான் அறிவது,

போனில், "போகவில்லை" என்று ஒரு சொல்தான் சொன்னேன். ஜெமீலா பக்கத்தில் நின்றா. மிச்சத்தை இதில் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. அன்று பின்னேரமே பாஹிமாவைக் குசினிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் நின்றபடி கேட்டாள்.

"இப்ப ஏன் சொல்றீங்க? என்னைப் பயப்படுத்தவா?"

"பயப்படுத்துறதெண்டா வேற பொய் சொல்லியிருப்பன். இது எனக்குத்தான் வெக்கம்."

விரலைக் காட்டினேன். பார்க்கவில்லை. "வாப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும், அன்றைக்கு மீன் இல்லை என்றேன். அதையும் விளக்கினேன். அவளுடைய முகம் அப்போதுதான் மாறியது. நீங்கள் கடலைப் பற்றிப் பிழையாகச் சொல்ல மாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலையில் தனியாகப் போனாள், பிள்ளைப்பேறு பார்த்த பெண் டொக்டரிடம். திரும்பி வந்தவள் காரை நிறுத்திவிட்டு இறங்கவில்லை. குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். உலை கொதித்து வழிந்தது, அடுப்பைக்கூட நிறுத்தவில்லை.

உள்ளே வந்து, "வெட்டின அடையாளம் ஒண்டும் இல்லையாம் உம்மா" என்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அழுதாள்.

"யூனிவர்சிற்றில எங்கட பிள்ளையள் ரெண்டு மூண்டு பேர் தங்களுக்கு நொந்ததைச் சொல்லேக்க, நான் அவங்களைப் பாத்து, சும்மா பெரிசாக்காதீங்க, எனக்கும் செய்ததுதான், எனக்கு ஒண்டும் இல்லையே எண்டு சொன்னனான். என்னைப் பாத்து அவங்க வாயை மூடினவங்க. ஆரோ சொன்ன பொய்யைக் கொண்டு போய் நான் அவங்கட வாய்க்குள்ள அடைச்சிருக்கிறன்."

ஆரோ என்றுதான் சொன்னாள். உம்மா என்று சொல்லவில்லை.

டிக்கெட்டை அவளே நிறுத்தினாள். புருஷனிடம் அவளே பேசினாள். அறைக் கதவுக்குப் பின்னால் அவர் ஒரு தரம் சத்தம் போட்டார், பிறகு இல்லை. வெளியே வந்து சூட்கேஸ் இரண்டையும் எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தார். ஜெமீலா என்னைப் பார்த்து, "பொய் சொல்லியா பொண்ணு தந்தீங்க?" என்றா. ஓம் என்றேன். அவ மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டா. போகும்போது பிள்ளையை ஒரு தரம் தூக்கினா. அவவும் கிழவிதானே.

நேற்று முன்தினம் நாற்பது. ஆட்கள் இல்லை, சோறு இல்லை, சேவல் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட நான் தண்ணீரை விளாவினேன். பாஹிமா வாசலில் வந்து நின்றாள். முன்னெல்லாம் என்னிடம் விட்டுவிட்டு நித்திரைக்குப் போவாள். அன்றைக்கு நின்றாள். காவலுக்கு நின்றாளா, பார்க்க நின்றாளா, நான் கேட்கவில்லை. துடைத்து முடிகிற நேரம் கேட்டாள்.

"உங்களுக்கும் பொய்யாத்தான் செய்ததா உம்மா?"

"இல்ல. எனக்கு உண்மையாத்தான்."

அவள் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டாள். மற்றக் கையால் துவாயை எடுத்து என் கையைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக. பெருவிரலில் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு அறைக்குள் போய்விட்டாள். தனக்குக் கொஞ்ச நாள் தனியாக இருக்க வேண்டுமாம், கோபம் ஆற வேண்டுமாம். எனக்கு ரெயிலுக்கு டிக்கெட் போட்டுத் தந்திருக்கிறாள். பதினாலாம் தேதி, ஞாயிறு. பிள்ளையின் ஒரு சட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன், அவளுக்குத் தெரியும்.

றகுமத்து


குவேக்கர்ஸ் ஹில்
10.07.2024

றகுமத்து,

இது நீ புறப்படுவதற்கு முன் கிடைக்க வேண்டும் என்று சூசையை மழைக்குள் தபால் கந்தோருக்கு அனுப்புகிறேன். ஞாயிறு சென்ட்ரல் ஸ்டேஷனில் நானும் அவனும் நிற்போம். அவனுடைய கார், ஆகவே மெல்ல ஆறுதலாகத்தான் வருவோம், பயப்படாதே.

பாஹிமா எனக்குப் போன் எடுத்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள், "சோளகம் எண்டா எந்த மாசம் வாப்பா?" சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டாள். தன்னுடைய நாற்பதாம் நாளோடு ஒத்து வருகிறதா என்று அவள் இன்னும் சரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கட்டும். பார்க்க வேண்டிய பிள்ளைதான்.

போன வெள்ளி பள்ளியில் அந்தக் கொசுக்கடிக்காரன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். உன் பெண்சாதியிடம் கேட்டுப் பார்த்தாயா என்றேன். ஏன் நானா என்றான். கேட்டுப் பார் என்றேன். அவன் இடம் மாறி இருந்துகொண்டான்.

இங்கே ஒரு சின்ன மாற்றம். எங்கள் அறையில் சுவரோடு கிடந்த கட்டிலை நேற்று நானும் நியாஸும் நடுவுக்கு இழுத்துவிட்டோம். இனி இரண்டு பக்கமும் நடக்க இடம் இருக்கிறது, சுவர் இல்லை. நீ எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் சரி, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

ஏன் வாப்பா என்று நியாஸ் கேட்டான்.

கூட்டித் துடைக்க லேசு என்று சொன்னேன். நம்பிவிட்டான்.

அசனார்